பயறு ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம்

ஜவளகிரிப் பக்கத்து மதியச் சாப்பாட்டில் ஒரே கொள்ளு தட்டுக்கு இரண்டு முறை வந்து சேரும். நடுவில் கேழ்வரகுக் களி உருண்டை. அதைச் சுற்றித் தண்ணீராக ஓடும் சாறு. ஓரத்தில், அந்தச் சாற்றிலிருந்து வடித்தெடுத்த கொள்ளு, வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துத் தாளித்த பொரியலாக. இரண்டும் ஒரே சட்டியில் வெந்தவைதான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி இதைப் பார்த்தால், "வெந்ததை எதற்குப் பிரிக்கிறீர்கள், கடைந்து குழம்பாகவே விட்டிருக்கலாமே" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. சாம்பார் என்பது பருப்பைத் தண்ணீரோடு கரைத்து ஒன்றாக்கும் சமையல். இங்கே பயறு தன்னிடமுள்ளதில் எதையெல்லாம் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்குமோ, அதைக் கொடுத்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு அந்தத் தண்ணீரைத் தனிப் பண்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். எது எப்போது தண்ணீரில் இறங்க வேண்டும், எது இறங்கக் கூடாது என்பதில்தான் இந்தச் சமையலின் சூட்சுமம் முழுதும் இருக்கிறது.

ஜவளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், தேன்கனிக்கோட்டையையும் தளியையும் அடுத்து, கர்நாடக எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காட்டோர ஊர். ஓசூரின் தொழிற்சாலைகள் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இந்த மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். அதனால் சாற்றின் பெயரும் வீட்டுக்கு வீடு மாறும்: வடித்துச் செய்தால் பஸ்ஸாறு, உப்போடு நிறுத்திக்கொண்டால் உப்புச்சாறு, முளைகட்டிய பயறு போட்டால் முளைப்பயறுச் சாறு, யுகாதியன்று ஒப்பட்டு என்ற போளிக்குப் பருப்பு வேகவைத்த தண்ணீரில் செய்தால் ஒப்பட்டுச் சாறு. நிலம் பெரும்பாலும் மானாவாரி. கேழ்வரகு, அதன் நடுவே வரிசை விட்டு அவரை, பின்மழையை நம்பிக் கொள்ளு. மாவட்டத்திலுள்ள பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் கொள்ளுக்கென்றே பையூர் 1, பையூர் 2 என இரண்டு ரகங்களைத் தந்திருக்கிறது. கேழ்வரகு கதிர் பிடிக்கும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரிக் காட்டு வழியாக வந்துவிடும். பரண் கட்டி விழித்திருந்து காப்பாற்றிய கேழ்வரகைத்தான் களியாகக் கிண்டுகிறார்கள்.

சாறு ஏன் இத்தனை நீர்க்க இருக்கிறது என்பதற்குக் களியே பாதிக் காரணம். கேழ்வரகில் கோதுமைக்கு உள்ளதுபோல் இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் கிடையாது. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி மூடினால், சுமார் 70 டிகிரி செல்சியசை ஒட்டி அதன் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. துடுப்பால் கிண்டும்போது அவை உடைந்து, ஒன்றோடொன்று பசையாக ஒட்டுகின்றன. இந்தப் பசை பல்லில் பட்டால் விடாது. அதனால்தான் களியை மெல்லாமல் கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்கச் சொல்வது. சாறு இங்கே தொட்டுக்கொள்ளும் பொருள் மட்டும் இல்லை, களியைத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்க வைக்கும் மசகும் அதுவே. கெட்டிக் குழம்பால் இந்த வேலை ஆகாது. விழுங்குவதால் நாக்கில் களி தங்கும் நேரம் மிகக் குறைவு. ருசி முழுதையும் சாறுதான் சுமந்தாக வேண்டும்.

அப்படிச் சுமக்க அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது?

நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம். இதில் பெரும்பங்கு குளோபுலின் வகை. வெந்நீரில் வெந்து பயற்றுக்குள்ளேயே உறைந்துவிடும். சிறுபங்கான ஆல்புமின் நீரில் கரையும். அது வெளியே வரும். கூடவே தனித்துத் திரியும் அமினோ அமிலங்கள், குறிப்பாக நாக்குக்கு ‘இறைச்சிச் சுவை’ போலத் தோன்றும் குளூட்டமேட், வருகிறது. பொட்டாசியம் வருகிறது. நீரில் கரையும் வைட்டமின்களான தயமினும் ஃபோலேட்டும் கணிசமாக இறங்குகின்றன. தோலின் கரும்பழுப்பு நிறம், அதிலுள்ள துவர்ப்புப் பாலிஃபீனால்கள், சிறு சர்க்கரைகள், கொதிக்கும்போது நுரையாகப் பொங்கும் சபோனின்கள் எல்லாம் சேர்ந்த கலவைதான் அந்தக் கொள்ளுத் தண்ணீர். வேகவைத்த நீரைக் கீழே கொட்டுகிறவர்கள் இத்தனையையும் கொட்டுகிறார்கள்.

பிரான்சில் ஜோயெல் ரோசெல் என்ற பாடகர் 2014-இல், வேகவைத்த பயற்றின் நீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கிறது என்று கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கூஸ் வோல்ட் அதற்கு ‘அக்வஃபாபா’ என்று பெயர் வைத்தார். இன்று முட்டை சேர்க்காத கேக்குக்கு அது ஒரு கச்சாப் பொருள். நுரைக்குக் காரணம் மேலே சொன்ன ஆல்புமினும் சபோனினும்தான். ரசம் கொதிக்கும் முன் நுரை கட்டி மேலே எழும்புவதிலும் இவற்றுக்கே பெரும்பங்கு. அடுப்பை அணைக்க நம் வீடுகளில் அந்த நுரையையே அடையாளமாக வைத்திருப்பது வெறும் பழக்கம் இல்லை. சீரகம், மல்லி, பெருங்காயம் இவற்றின் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகிறவை. தளதளவென்று கொதிக்கவிட்டால் அவை சட்டியை விட்டுக் கூடத்துக்குப் போய்விடும். தெருவே மணக்கிறது என்று பெருமைப்படலாம். அந்த அளவு சாற்றில் குறைந்திருக்கும்.

சில நம்பிக்கைகளை மட்டும் இங்கே தொட்டுவிட்டுப் போக வேண்டும். "கொள்ளுத் தண்ணியே போதும், சத்தெல்லாம் அதுல எறங்கிடுச்சு" என்று பிள்ளைக்குச் சாற்றை மட்டும் ஊட்டுகிறவர்கள் உண்டு. புரதத்தின் பெரும்பகுதி பயற்றில்தான் தங்கியிருக்கிறது. ஓரத்தில் இருக்கும் பொரியலையும் பிள்ளை சாப்பிட்டால்தான் கணக்கு நேராகும். கொழுப்பைக் கரைக்கும், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்பவற்றில் முதலாவதற்குச் சாற்றிடம் எந்த மந்திரமும் இல்லை. இரண்டாவதைப் பொறுத்தவரை, ஆய்வகக் குடுவைகளில் கொள்ளுச் சாரம் படிகம் வளர்வதைத் தடுத்திருக்கிறது. மனித உடலில் அது உறுதியாக நிரூபணமாகவில்லை. நிறையத் தண்ணீர் குடிப்பது கல் வராமல் தடுக்கும் என்பது நிரூபணமானது. சாறும் தண்ணீர்தானே என்று வேண்டுமானால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

இனி, கொள்ளை வேகவைக்கும் பாடு. பயறுகளிலேயே பிடிவாதக்காரி அவள். ஒரு பயறு வேகிறது என்றால், அதன் அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைகிறது என்று பொருள். செங்கல்லுக்கு நடுவே சாந்து எப்படியோ, அணுக்களுக்கு நடுவே பெக்டின் அப்படி. சாந்து இளகினால் சுவர் தானாக விழும். கல்லை உடைக்க வேண்டியதில்லை. இந்தச் சாந்தை இறுக்குவது கால்சியமும் மக்னீசியமும். பெக்டின் இழைகளுக்கு நடுவே அவை பாலம் போட்டுக் கட்டிவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினநீராக இருந்தால், வேகவைக்கும் நீரிலேயே அந்தப் பாலத்துக்கான சரக்கு மிதக்கிறது. "அந்தக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாது" என்று கிராமத்தில் சொல்வது அப்படியே வேதியியல் உண்மை. தண்ணீரைச் சோதிக்கக் கருவி இல்லாத காலத்தில் துவரம்பருப்புதான் சோதனைக் குடுவை.

பழைய கொள்ளு இன்னும் மோசம். பயற்றுக்குள் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள அறையில் மாதக்கணக்கில் மூட்டை கிடந்தால், பயற்றிலுள்ள ஒரு நொதி அந்த ஃபைட்டேட்டைச் சிதைக்கிறது. விடுபட்ட தாதுக்கள் மெல்ல நகர்ந்து பெக்டினைப் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. வெளியே பார்த்தால் புதுக் கொள்ளுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. அடுப்பில் ஏற்றிய பிறகுதான் குட்டு வெளிப்படும். எத்தனை விசில் விட்டாலும் வேகாத கொள்ளைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டுவதில் தவறே இல்லை.

இதற்கு மாற்று மருந்து ஊறவைக்கும் தண்ணீரில் இருக்கிறது. முதல்நாள் இரவே கொள்ளை ஊறப்போடும்போது ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்துவிடுங்கள். சோடியம் பெக்டினுக்குள் புகுந்து கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும். பாலம் அறுந்து, பயறு சீக்கிரம் வேகும். ‘முதலிலேயே உப்புப் போட்டால் பருப்பு வேகாது’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். ஆனாலும் ஊறவைக்கும் கட்டத்தில் உப்பு நண்பன்தான். சமையல் சோடாவும் பெக்டினை வேகமாகக் கரைக்கும். ஆனால் காரத்தன்மையில் தயமின் அழிந்துபோகும், சாற்றுக்கு ஒரு சோப்பு வாடையும் ஏறும். சாற்றையே குடிக்கப்போகும் வீட்டில் சோடா வேண்டாம் என்பதே என் கட்சி.

சிலர் ஊறவைக்காமல் வெறும் சட்டியில் கொள்ளை வறுத்துக்கொள்வார்கள். அதுவும் நல்ல வழி. சூட்டில் தோல் விரிசல் விடுவதால் நீர் உள்ளே நுழைகிறது. பச்சை வாடையை உண்டாக்கும் லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி செத்துப்போகிறது. வறுத்த கடலைக்கும் காப்பிக்கும் பொதுவான அந்த வறுபட்ட மணம் கூடுதல் லாபம்.

முளைகட்டுவது மூன்றாவது வழி. இதன் பலன் வேறு மாதிரி. கொள்ளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகி வாயுவாக வெளிப்படும். இந்தச் சர்க்கரைகள் நீரில் நன்றாகக் கரையும் என்பதால், வேகவைத்த தண்ணீரைச் சாறாக வைத்தால் அவையும் சாற்றோடு வரும். இதை மறைக்க முடியாது. முளைவிடும் விதை இந்தச் சர்க்கரைகளையே முதல் உணவாகச் செலவழிக்கிறது. ஊறவைத்த நீரை ஊற்றிவிட்டு, துணியில் கட்டி ஓர் இரவு வைத்த கொள்ளு வயிற்றுக்கு இதமாக இருப்பதன் காரணம் இதுதான்.

900 மீட்டர் உயரத்துக்கும் அடுப்பில் பங்கு உண்டு. காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 97-ஐ ஒட்டியே கொதித்துவிடுகிறது. மூன்று டிகிரிதானே என்று தோன்றும். பயறு வேகும் வேகம் பத்து டிகிரிக்குக் குறைந்தது இரு மடங்காகக் கூடும் என்று வைத்துக்கொண்டால், திறந்த சட்டியில் சென்னையில் ஒரு மணி நேரத்தில் வேகும் கொள்ளு இங்கே ஒன்றேகால் மணி நேரத்தை நெருங்கும்.

ஆகவே இந்த மேட்டுநிலத்துக்குப் பிரஷர் குக்கர் ஒரு வரம். பொருத்தமாக, இந்தியாவின் பெரிய குக்கர் நிறுவனங்களில் ஒன்றான டிடிகே பிரஸ்டீஜின் பதிவு அலுவலகமே ஓசூர் சிப்காட் வளாகத்தில்தான் இருக்கிறது. மூலக் கருத்து பழையது. பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பின் 1679-இல் லண்டனில், எலும்பையே இளக்கும் மூடிய பாத்திரம் ஒன்றை ராயல் சொசைட்டிக்குக் காட்டினார்; வெடிக்காமலிருக்க அதற்குக் காப்பு வால்வும் வைத்தார். நம் குக்கரின் வெயிட் அந்த வால்வின் வாரிசு. அது உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டிவைக்கிறது. கடலோரத்தில் அந்த அழுத்தத்தில் நீர் 121 டிகிரியில் கொதிக்கும். ஓசூரில் வெளிக்காற்றழுத்தம் ஏற்கெனவே குறைவு என்பதால் 119-ஐ ஒட்டி நிற்கும். 97-க்கும் 119-க்கும் உள்ள இடைவெளியில் வேகும் வேகம் நாலைந்து மடங்கு கூடுகிறது.

ஆனால் சாற்றுக்குக் குக்கரை எப்படி ஆள்வது என்பது தனி வித்தை. ஒவ்வொரு விசிலிலும் உள்ளழுத்தம் சட்டென்று குறைகிறது. அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் நீர் வெறிகொண்டு கொதிக்கிறது. பயறு மோதி உடைகிறது. மாவுச்சத்து தண்ணீரில் கலக்கிறது. வடிக்கும்போது கிடைப்பது கலங்கலான கஞ்சி. சாம்பாருக்குக் கடைந்த பருப்பு வேண்டும் என்பதால் அங்கே இது குற்றமில்லை. பஸ்ஸாறுக்கோ தெளிந்த நீரும் முழுசாக நிற்கும் பயறும் வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் குறைத்து, அடுத்த விசிலே வராதபடி 15, 20 நிமிடம் வைத்து, அழுத்தம் தானாக அடங்கும்வரை விட்டுவிட்டால் பயறு உடையாது. வெயிட்டைத் தூக்கிப் பிசுக்கென்று ஆவியை விடும் அவசரக்காரர்களுக்குப் பஸ்ஸாறு வாய்க்காது. விசிலை எண்ணிச் சமைக்கும் நம் பழக்கமே எனக்கு விசித்திரமாகப் படுகிறது. வெந்ததை நிமிடம்தான் சொல்லும். விசில் அடுப்பின் தீயை மட்டும் சொல்லும்.

வடித்த தண்ணீரில் புளி எப்போது சேர வேண்டும்? பயறு வெந்து முடிந்த பிறகுதான். பெக்டின் காரத்தன்மையுள்ள நீரில் வேகமாகக் கரையும், மிகக் கடும் அமிலத்திலும் கரையும். இரண்டுக்கும் நடுவே, அமிலக் குறியீடு நான்கை ஒட்டிய இடத்தில் அசைந்து கொடுக்காது. புளி கரைத்த குழம்பு ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. புளித்தண்ணீரில் பயற்றைப் போட்டால் மணிக்கணக்கில் கொதித்தாலும் அரைவேக்காடாக நிற்கும். இதையே கத்திரிக்காய், முருங்கைக்காய் குழைந்துவிடாமல் காக்கவும் பயன்படுத்தலாம். புளிக்குழம்பில் காய் முழுசாக நிற்பது அதனால்தான். இந்த மாவட்டத்தில் புளிக்குப் பஞ்சமில்லை. அஞ்செட்டிப் பக்கத்து உரிகத்தின் பெயரில் ஒரு புளி வகையே இருக்கிறது. அதன் புளிப்பு டார்டாரிக் அமிலம், கொதித்தாலும் ஆவியாகாது. எலுமிச்சையைப்போல், மணம் போய்விடும் என்று இறக்கிய பிறகு பிழிய வேண்டிய அவசியம் இல்லை.

பஸ்ஸாறுக்கு அரைக்கும் விழுதில் வதக்கிய வெங்காயம், பூண்டு, மிளகாய், மல்லி, தேங்காயோடு ஒரு கைப்பிடி வெந்த பயற்றையும் சேர்த்து அரைப்பார்கள். அந்தக் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். அதன் மாவுச்சத்தும் புரதமும்தான் தேங்காயிலுள்ள எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிடித்து, மசாலா அடியில் போய்ப் படியாமல் தாங்குகின்றன. விழுது சேர்ந்தபின் ஒரு கொதி, மேலே கடுகு தாளிப்பு, அவ்வளவுதான்.

உப்புச்சாறு இன்னும் எளிது. எனக்கு இதுவே உசத்தியாகப் படுகிறது. கீரையும் பருப்பும் வெந்த நீரில் உப்பு மட்டும். காரம் தனியே: பச்சைமிளகாய், பூண்டு, சீரகம், மிளகு, கொஞ்சம் புளி, அம்மியில் நசுக்கி ஒரு கிண்ணத்தில். தட்டில் சாறு ஊற்றிய பிறகு அவரவர் வேண்டிய அளவு கரைத்துக்கொள்ள வேண்டும். சோம்பேறிச் சமையல் போலத் தெரியும் இதில் பூண்டின் வேதியியல் அடங்கியிருக்கிறது. பூண்டு நசுங்கும்போதுதான் அதிலுள்ள அல்லினேஸ் என்ற நொதி அல்லிசினை உண்டாக்குகிறது. அந்த நொதி கொதிநீரில் நொடியில் செத்துவிடும்; அல்லிசினும் சூட்டில் சிதையும். கொதித்த பூண்டு இனிக்கும், நசுக்கிய பச்சைப் பூண்டு சுள்ளென்று ஏறும். காரத்தைச் சட்டியில் சேர்க்காமல் தட்டுவரை தள்ளிப்போடுவதால் அந்தச் சுள்ளாப்பு உயிரோடு வாய்க்கு வருகிறது. குழந்தைக்கும் கிழவருக்கும் தனிச் சமையல் செய்ய வேண்டாம் என்பது கூடுதல் வசதி. மிளகின் பிப்பரினும் மிளகாயின் கேப்சைசினும் நீரில் மிகக் குறைவாகவே கரையும், எண்ணெயிலும் தூளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ரசத்தின் மேல்தெளிவு காய்ச்சல்காரருக்கு, அடிமண்டி உறைப்பு தாங்குகிறவருக்கு என்று பிரித்து ஊற்றுவதும் இதனால் பலிக்கிறது.

மார்கழியும் தையும் வந்தால் கொள்ளு பின்னுக்குப் போய்விடும். அவரை ஆளும் காலம் அது. ஓசூர்ச் சந்தையில் காய் குவிந்திருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். அந்த மணம் கொட்டையில் இல்லை, காயின் தோலில் கசியும் எண்ணெய்ப் பசையில் இருக்கிறது. உரிக்கிறவர் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அதில் இருப்பவை நீண்ட சங்கிலி கொண்ட சில கொழுப்பமிலங்கள். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும் செடி. பனிக்காலத்தில் மட்டும் காய்ப்பதற்குச் சூரியனே காரணம். பகல் நீளத்தைச் சட்டை செய்யாத ஹெப்பாள் அவரை ரகங்களைப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியபின் ஆண்டு முழுதும் காய் கிடைக்கிறது. கோடையில் கிடைப்பதில் மணம் பற்றாது என்பது இப்பக்கத்துச் சமையலறைகளின் தீர்ப்பு. கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தால் பிதுக்கம்பருப்பு. தோல் போனதும் துவர்ப்பு போகிறது, வேகும் நேரமும் பாதியாகிறது. அதில் வைக்கும் குழம்பை யாரும் வடிப்பதில்லை. ஓர் எச்சரிக்கை: காய்ந்து முற்றிய கரும் மொச்சையில் சயனைடை விடுவிக்கும் சேர்மங்கள் உண்டு. அதை மட்டும் ஊறவைத்த நீரையும் முதல் கொதிநீரையும் கொட்டிவிட்டு, திறந்த சட்டியில் வேகவைக்க வேண்டும். வேகவைத்த தண்ணீரைப் போற்றும் ஊரிலும் கொட்ட வேண்டிய தண்ணீர் ஒன்று உண்டு.

தண்ணீரைப் பற்றிய பேச்சு ஃப்ளூரைடில் வந்து முட்டாமல் இந்த மாவட்டத்தில் முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரியின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீருக்குள் ஃப்ளூரைடு கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். இன்னும் மிகுந்தால் எலும்பு இறுகும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் காவிரி நீர் இவ்விரு மாவட்டங்களுக்கும் ஏறத் தொடங்கியது. ஃப்ளூரைடு கொதிக்கவைத்தால் போகாது. நேற்றைய சாற்றை இன்று சுண்டவைத்தால், போவது நீர் மட்டும். மிச்சத்தில் உப்பும் ஃப்ளூரைடும் அடர்கின்றன.

இங்கே புளி மறுபடி வருகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரில் வெளியேறும் ஃப்ளூரைடின் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. சிறிய ஆய்வு, குறுகிய காலம். புளிச்சாறு குடித்தால் கெட்ட தண்ணீர் நல்லதாகிவிடும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சுத்திகரிப்பு இயந்திரமோ கேன் தண்ணீரோ உள்ள வீடுகளில் அது குடிக்க மட்டும், சமையலுக்குப் போர்த் தண்ணீர் என்று பிரித்து வைத்திருப்பார்கள். களி ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்குக்குமேல் தண்ணீரை உறிஞ்சும். அதைச் சுற்றி ஊற்றும் சாறு தண்ணீரேதான். ஒருவர் ஒரு வேளையில் இந்த வழியாக மட்டும் ஏறக்குறைய அரை லிட்டர் உள்ளே தள்ளுகிறார். சுத்திகரித்த (ஆர்ஓ) நீரில் கால்சியமும் குறைவு, ஃப்ளூரைடும் குறைவு. கொள்ளை அந்த நீரில் ஊறப்போட்டு அந்த நீரிலேயே வேகவைத்தால் பயறும் சீக்கிரம் வேகும். பாத்திரம் கழுவவும் களிச்சட்டியை ஊறப்போடவும் போர்த் தண்ணீர் தாராளமாகப் போதும்.